இறந்தவர் பெயருக்கு வந்த அழைப்பு

எங்கள் நுரையீரல் மருத்துவப் பிரிவின் வெளிநோயாளர் கூடத்தில் திங்கட்கிழமைகளில் கூட்டம் மிகுதியாக இருக்கும். அப்படியொரு திங்கட்கிழமைக் காலையில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தம் கணவரின் பெயர் அச்சிடப்பட்ட டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பெயர் அழைக்கப்பட்டபோது அவர் மட்டுமே எழுந்து வந்தார். “நோயாளி வரவில்லையா?” என்று உதவியாளர் கேட்டார். “அவர் தவறி முப்பத்தெட்டு நாள் ஆகுது. இங்கேதான், மாடியிலே” என்றார் அம்மையார். வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உதவியாளருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மூன்று நாள்களுக்கு முன்பு, வெள்ளிக்கிழமை மாலையில், அவருடைய கைப்பேசிக்கு எங்கள் மருத்துவமனையின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. அவர் கணவரின் பெயரை விளித்து, பரிசோதனை முடிவு ஆயத்தமாகிவிட்டது என்றும், மருத்துவரை நேரில் சந்திக்குமாறும் அது கூறியது. மருத்துவமனை வரச்சொன்ன பின் வராமல் இருப்பது எப்படி என்று எண்ணி, இரண்டு பேருந்துகள் மாறி அவர் வந்திருந்தார்.

நாங்கள் கோப்பைப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்டோம். பிறகு, பலரும் சொல்வதையே நாங்களும் சொன்னோம்: “அது கம்ப்யூட்டரிலிருந்து தானாக வருவது அம்மா. மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.” அம்மையார் கோபப்படவில்லை. சிறிது நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தானா வருதுன்னு சொல்றீங்க டாக்டர். அப்போ வேண்டாம்னு யார்கிட்டே சொல்றது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடியபோது நாங்கள் அறிந்தவற்றையும், அதன் பிறகு செய்த மாற்றங்களையும், செய்ய முடியாமல் நிற்பவற்றையும் இம்மடலின் வாசகர்களிடம் பகிர்ந்துகொள்கிறோம். அந்தக் குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களைத் தவிர்த்து எழுதுகிறோம்.

மூன்று இரவுகள்

அம்மையாரின் கணவர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காகப் பல ஆண்டுகள் எங்களிடம் சிகிச்சை பெற்றவர். கடுமையான நிமோனியாவுடன் சேர்க்கப்பட்டு, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். ஒன்பதாம் நாள் காலமானார். இளமையில் காசநோய் வந்து ஆறிய தழும்பு அவருடைய நுரையீரலில் இருந்தது. ஆகவே, சேர்க்கப்பட்ட மறுநாளே அவருடைய சளியை இரண்டு சோதனைகளுக்கு அனுப்பினோம். ஒன்று, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும் மரபணுச் சோதனை. அதில் காசநோய்க் கிருமி இல்லை என்று அன்றே தெரிந்தது. மற்றொன்று கல்ச்சர் எனப்படும் வளர்ப்புச் சோதனை.

காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளர்வது. ஆய்வகத்தின் திரவ ஊடகத்தில் சளியை வைத்து, 42 நாள்கள் வரை காத்திருந்து, அதன் பின்னும் வளர்ச்சி இல்லையென்றால்தான் ‘கிருமி இல்லை’ என்று உறுதியாகச் சொல்வார்கள். இந்த நோயாளியின் சோதனையில் 42-ஆம் நாள் அந்த முடிவு வந்தது. அதற்குள் அவர் மறைந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. ஆய்வக மருத்துவர் முடிவைச் சரிபார்த்து ஒப்புதல் அளித்த நொடியில், கணினி அந்தக் குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டது.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும், அம்மையாருக்குத் தெரியாது. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று இரவுகள் அவர் உறங்கவில்லை என்பதை அவருடைய மகன் பின்னர் எங்களிடம் கூறினார். ‘வேறு ஏதோ நோய் இருந்திருக்கிறது, இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள், முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரோ? இருமலை நான்தான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேனோ?’ என்று அவர் தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பி, வீடு வெறிச்சோடிய பிறகுதான் துயரம் தன் முழுக் கனத்தோடு வந்து அமர்கிறது என்பதை இழப்பைக் கண்டவர்கள் அறிவார்கள். அந்த நாள்களில்தான் எங்கள் செய்தி அவர் வீட்டுக்குப் போனது. ‘முடிவில் கிருமி எதுவும் இல்லை, நீங்கள் செய்ததிலும் குறை எதுவும் இல்லை’ என்று ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருந்தால், அந்த மூன்று இரவுகள் அவருக்கு நேர்ந்திருக்க மாட்டா.

சாவு வீட்டில் சொல்லக்கூடாத சொல்

அதைத் தொடர்ந்து, அந்தக் கைப்பேசி எண்ணுக்கு நாங்கள் அனுப்பிய செய்திகள் அனைத்தையும் எடுத்துப் பார்த்தோம். அவர் மறைந்த பின் சென்றவை மூன்று.

மறைந்த மூன்றாம் நாள் சென்றது முதற்செய்தி. எங்கள் சேவை மனநிறைவளித்ததா என்று கேட்டு, நட்சத்திரக் குறியிட வேண்டியது. ‘நலமுடன் வாழ வாழ்த்துகிறோம், மீண்டும் வருக’ என்று முடிந்தது. இரண்டாவது, அவர் முன்பொருமுறை வெளிநோயாளராக வந்தபோது குறித்துக்கொடுத்த சுவாசத்திறன் சோதனைக்கான நினைவூட்டல். மூன்றாவதுதான் மேலே சொன்ன ஆய்வகச் செய்தி.

துக்கம் விசாரிக்கச் செல்லும் நம்மவர், விடைபெறும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்வதில்லை. சொல்லாமலே எழுந்து வருவதுதான் மரபு. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத முதியவருக்கும் இந்த நாகரிகம் தெரியும். எந்தச் சொல்லை எங்கே விடவேண்டும் என்பதை நம் சமூகம் அவ்வளவு கவனமாக வைத்திருக்கிறது. அத்தகைய வீட்டுக்கு, இறந்தவரையே விளித்து, ‘மீண்டும் வருக’ என்று எழுதியிருக்கிறோம் என்பதைப் படித்தபோது நாங்கள் தலைகுனிந்தோம்.

ஒரு கை அறிந்ததை மறு கை அறியவில்லை

இவ்வளவுக்கும், அவருடைய இறப்பை முதலில் அறிந்தவர்கள் நாங்களே. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, மருத்துவமனையில் நிகழும் இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. இறப்பின் காரணத்தைக் கூறும் படிவம் 4-இல், சிகிச்சை அளித்த மருத்துவர் கையெழுத்திட வேண்டும். எங்களில் ஒருவர் அன்றிரவே கையெழுத்திட்டார். சட்டத்தின் முன் ஒரு மனிதரின் மறைவை உறுதிசெய்த அதே நிறுவனம், மூன்றாம் நாள் அவரிடம் நட்சத்திரக் குறி கேட்டிருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது? மருத்துவமனைக் கணினி என்பது, வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவதைப் போல ஒரே பொருள் அன்று. பதிவு, முன்பதிவு, ஆய்வகம், மருந்தகம், கட்டணம், குறுஞ்செய்தி எனத் தனித்தனிப் பகுதிகள், பெரும்பாலும் வெவ்வேறு காலங்களில் வாங்கப்பட்டு, ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. வார்டில் ‘இறப்பு’ என்று பதிந்தால், படுக்கை காலியாகிறது. கட்டணக் கணக்கு முடிகிறது. ஆனால் எங்கள் ஆய்வக மென்பொருள் அந்தப் பதிவைப் பார்ப்பதில்லை. முடிவு வந்ததா, எண்ணுக்கு அனுப்பு என்பதே அதற்கு இட்ட கட்டளை. கருத்துக் கேட்கும் பகுதியோ, உள்நோயாளர் கணக்கு முடிந்தவர்கள் அனைவரையும் ‘வீடு திரும்பியோர்’ என்றே எடுத்துக்கொண்டது. அவர்களில் சிலர் திரும்பவே இல்லை என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லாதது யார் என்பதுதான் கேள்வி. குறுஞ்செய்தி எதுவும் தானாகப் பிறப்பதில்லை. நம் நாட்டில் நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் செய்திகளின் வாசக அமைப்பைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிவுசெய்தாக வேண்டும்; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் வகுத்த விதிகளின்வழி வந்த நடைமுறை இது. அப்படியானால், ‘மீண்டும் வருக’ என்ற வரியை ஒருவர் எழுதினார். ஒருவர் படித்து ஒப்புதல் தந்தார். எவருக்கெல்லாம் அனுப்புவது என்று ஒருவர் தீர்மானித்தார். அந்தப் படிவத்தை ஒப்புக்கொண்ட கூட்டத்தின் குறிப்பேட்டைப் புரட்டினோம். மருத்துவர்கள் சார்பில் கலந்துகொண்டவர்களின் பெயர்களில் எங்கள் பிரிவினரின் பெயரும் இருந்தது. ‘இறந்தவர்களுக்கு இது போகுமா?’ என்று அன்று எவரும் கேட்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை. கணினியைக் காரணம் காட்டுவதற்கு எங்களுக்கு எந்தத் தகுதியும் இல்லை என்பது அப்போது விளங்கியது.

பிற இடங்களிலும்

இது எங்கள் மருத்துவமனையில் மட்டும் நேர்ந்ததன்று. கொரோனா தடுப்பூசி செலுத்தப்பட்ட 2021-ஆம் ஆண்டில், முதல் தவணைக்குப் பின் இறந்துபோன சிலரின் குடும்பத்தாருக்கு, ‘இரண்டாம் தவணை வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது’ என்ற பொருளில் செய்தி வந்ததாகப் பல மாநிலங்களிலிருந்து நாளேடுகள் எழுதின. எங்கோ ஒரு பதிவு தவறாகச் செய்யப்பட, மறு நொடியே அது இழந்தவரின் கைப்பேசியில் போய் ஒலித்தது.

உலகெங்கும் பேசப்பட்ட நிகழ்வு ஒன்று 2014-இல் அமெரிக்காவில் நடந்தது. இணையத்தள வடிவமைப்பில் பெயர்பெற்ற எரிக் மேயர் என்பவர், அந்த ஆண்டு மூளைப் புற்றுநோய்க்குத் தம் ஆறு வயது மகளைப் பறிகொடுத்தார். டிசம்பர் மாதத்தில் ஃபேஸ்புக் நிறுவனம், ஒவ்வொருவரின் படங்களையும் தானே தேர்ந்தெடுத்து, ‘உங்கள் ஆண்டு இப்படி இருந்தது’ என்று காட்டும் தொகுப்பை வெளியிட்டது. மேயரின் முன் வந்த தொகுப்பின் முகப்பில் மகளின் முகம். அதைச் சுற்றி ஆடிக் களிக்கும் கேலிச்சித்திர உருவங்கள். தம் வலியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. அந்தத் தயாரிப்புக்குப் பொறுப்பான மேலாளர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்தக் கட்டுரையில் எங்களைத் தொட்டது, அவர் பழியை யார்மீதும் வீசாததுதான். எவரும் தம்மைப் புண்படுத்த எண்ணவில்லை, பெரும்பாலோர்க்கு ஏற்ற ஏற்பாடு தம்மைப் போன்றோரை எண்ணிப் பார்க்காமல் விட்டுவிட்டது என்றே அவர் எழுதினார். தீர்வாக அவர் கேட்டவையும் எளியவை: விருப்பம் உறுதியாகும் வரை படத்தை எடுத்து முன்னால் வைக்காதீர்கள், காட்டலாமா என்று முதலில் கேளுங்கள். நல்ல நாளில் இருப்பவரை மட்டும் மனத்தில் வைத்து அமைத்த ஏற்பாடு, கெட்ட நாளில் இருப்பவரைக் காயப்படுத்தும். மருத்துவமனைக்கு வருபவர்களில் நல்ல நாளில் இருப்பவர்கள் குறைவு. ஆகவே ஒரு சமூக ஊடக நிறுவனத்தைக் காட்டிலும் எங்களுக்கு இதில் பொறுப்பு அதிகம்.

நாங்கள் மாற்றியவை

முதலில் அவசரத்தில் ஒரு பிழை செய்தோம். இறந்தவரின் கோப்பிலிருந்த கைப்பேசி எண்ணுக்கு எந்தச் செய்தியும் போகக்கூடாது என்று தடை போட்டோம். மூன்று மாதங்களுக்குப் பின், அந்த அம்மையார் தம்முடைய சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு வரவில்லை என்பதைச் செவிலியர் ஒருவர் கவனித்தார். கணவன், மனைவி இருவரின் கோப்பிலும் ஒரே எண்தான் இருந்திருக்கிறது. கணவருக்காகப் போட்ட தடையால் மனைவிக்கு வரவேண்டிய நினைவூட்டலும் நின்றுவிட்டது. செவிலியர் தொலைபேசியில் பேசி அவரை வரவழைத்தார். ஒரு கைப்பேசியைக் குடும்பமே பயன்படுத்துவது நம் வீடுகளின் இயல்பு. எண்ணைத் தடுப்பது தவறு, கோப்பைத்தான் தடுக்க வேண்டும் என்பதை இப்படித்தான் கற்றோம்.

இப்போது நடைமுறையில் உள்ளவை இவை:

பணி மருத்துவர் இறப்பைப் பதிவுசெய்ததும், அந்தக் கோப்பு எண்ணின் பெயரில் காத்திருக்கும் நினைவூட்டல், கருத்துக் கேட்பு, வாழ்த்துச் செய்திகள் அனைத்தும் நிறுத்தப்படுகின்றன. கணினியில் இது சரியாக நடந்ததா என்பதை மருத்துவப் பதிவேட்டுத் துறையின் அலுவலர் ஒருவர் அன்றாடம் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார்.

வரவேண்டிய சோதனை முடிவுகளை அப்படி நிறுத்திவிட முடியாது. அந்த அம்மையாரின் கணவருக்குக் காசநோய்க் கிருமி வளர்ந்திருந்தால், உடன் வாழ்ந்தவர்களுக்குப் பரிசோதனை தேவைப்பட்டிருக்கும்; வீட்டில் சிறு குழந்தை இருந்தால் தடுப்பு மருந்தும் தேவைப்பட்டிருக்கும். ஆகவே, மறைந்தவர் ஒருவரின் முடிவு வந்தால், அது குறுஞ்செய்தியாகப் போகாமல், சிகிச்சை அளித்த மருத்துவரின் மேசைக்கு வருகிறது. அவர் படித்து, குடும்பத்தார் அறியவேண்டியது இருந்தால், தாமே தொலைபேசியில் பேசுகிறார். முதலில் ‘இப்போது பேசலாமா?’ என்று கேட்டுவிட்டே பேசுகிறார்.

தவறு நேர்ந்தால் ‘தானாக வந்தது’ என்று எங்கள் பணியாளர் எவரும் சொல்வதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டிருக்கிறோம். ‘நாங்கள் அனுப்பினோம், அனுப்பியிருக்கக்கூடாது, வருந்துகிறோம்’ என்பதே விடை. முகப்பில் இருக்கும் இளம் பணியாளரைத் தனியே நிறுத்திவிடாமல், பொறுப்பு மருத்துவரோ பதிவேட்டுத் துறைத் தலைவரோ அதைச் சொல்கிறார்.

எங்களுக்குத் தெரியாமல் போகும் மறைவுகள்

இன்னும் முழுமையாகத் தீராத குறை ஒன்று உண்டு. உயிர் தம் வீட்டில்தான் பிரிய வேண்டும் என்ற எண்ணத்தோடு, இறுதிக் கட்டத்தில் நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் நம் பகுதியில் பல. அவர்கள் விடைபெறும்போது கோப்பில் ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார்’ என்று எழுதுவது வழக்கமாக இருந்தது. அன்பினால் எடுத்த முடிவை, மீறலைப் போல எழுதிவைத்த அந்தச் சொல்லே ஒரு காயம். அதன் பின் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்பது எங்களுக்குத் தெரியவருவதில்லை. கணினியின் கணக்கில் அவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார், நினைவூட்டலும் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது, இறுதிக்கால வாழ்வுக்காக வீடு செல்வோரைத் தனி வகையாகப் பதிகிறோம். அவர்களுக்குத் தானியங்கிச் செய்தி எதுவும் போகாது. வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கான மருந்துகள் குறித்து விசாரிக்கச் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் பேசுகிறார். மறைவுச் செய்தி இருந்தால், அந்த உரையாடலில்தான் பெரும்பாலும் தெரியவருகிறது. நெடுநாள் வராமல் இருப்போர், வேறு மருத்துவமனையில் மறைந்தோர் ஆகியோரைப் பற்றி அறிய எங்களுக்கு இன்னும் வழியில்லை. பிரிட்டனில், இறப்பை ஒருமுறை தெரிவித்தால் பெரும்பாலான அரசுத் துறைகளுக்கும் தகவல் சென்றுசேரும் சேவை ஒன்று உள்ளது. ‘ஒருமுறை சொன்னால் போதும்’ என்பதே அதன் பெயரின் பொருள். துக்க வீட்டில், ஊருக்கும் உறவுக்கும் செய்தி சொல்லும் வேலையை இழந்தவர் தலையில் ஏற்றாமல் அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொள்வது நம் வழக்கம். அந்தப் பண்பு நம் அலுவலகங்களுக்கும் வரவேண்டும்.

குடும்பத்தார் அறியவேண்டியவை

எங்கள் பிழைகளைத் திருத்துவது எங்கள் கடமை. அதற்காக உங்கள்மீது வேலை சுமத்த விரும்பவில்லை. எனினும், பின்வருவனவற்றை அறிந்திருப்பது உங்களுக்குத் துணையாகும்.

1. தொடர்புக்கு உரியவர் யார் என்று முன்பே சொல்லுங்கள். சேர்க்கையின்போது, நோயாளியின் எண்ணோடு, குடும்பத்தில் எந்தச் செய்தியையும் தாங்கிக் கேட்கக்கூடிய ஒருவரின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அவரையே கேட்டு முடிவுசெய்யுங்கள். 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும், தம் மறைவுக்குப் பின் தம் தரவு தொடர்பான உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்க இடமளிக்கிறது.

2. வரவேண்டிய முடிவுகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மறைவுக்குப் பின் ஆவணங்களைப் பெறும்போது, ‘இன்னும் வரவேண்டிய பரிசோதனை முடிவு ஏதேனும் உண்டா?’ என்று கேளுங்கள். துக்கத்தில் மறந்துபோனால் கவலை வேண்டாம். வார்டு செவிலியர் அந்தப் பட்டியலைத் தாமே எழுதித் தருவார்.

3. தாமதமாக வரும் முடிவு, தாமதமான சிகிச்சை ஆகாது. இரத்த வளர்ப்புச் சோதனை பொதுவாக ஐந்து நாள்கள் வரையிலும், காசநோய் வளர்ப்புச் சோதனை ஆறு வாரங்கள் வரையிலும் எடுக்கும். அதுவரை எந்த மருத்துவரும் கைகட்டி நிற்பதில்லை. நோயின் தன்மையையும் விரைவுச் சோதனைகளையும் வைத்துச் சிகிச்சை தொடங்கிவிடும். பின்னர் வரும் ஒரு முடிவைக் கண்டு உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ளாதீர்கள். ஐயம் இருந்தால் எங்களைக் கேளுங்கள்.

4. இறப்புக் காரணச் சான்றிதழின் நகல் உங்கள் உரிமை. 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, மருத்துவமனை இந்தச் சான்றிதழைப் பதிவாளருக்கு அனுப்புவதோடு, நெருங்கிய உறவினருக்கும் கட்டணமின்றி ஒரு நகல் தரவேண்டும்.

5. வீட்டில் மறைவு நிகழ்ந்தால், 21 நாள்களுக்குள் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். கடைசி நோயின்போது சிகிச்சை அளித்த மருத்துவர் படிவம் 4அ-வில் காரணத்தை எழுதித் தருவார். முடிந்தால் எங்களுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லுங்கள். வீட்டிலிருந்து எவர் சொன்னாலும் போதும், நேரில் வரவேண்டாம்.

6. கோப்பை அழிக்க இயலாது. செய்தியை நிறுத்த இயலும். ‘அவர் பெயரையே கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள்’ என்று சிலர் வேண்டுகிறார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால், 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளர் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்; உரியவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். காப்பீட்டுக்கும், மரபுவழி நோய் குறித்துப் பிள்ளைகள் அறிவதற்கும் அவை பின்னாளில் உதவலாம்.

7. மறைந்தவர் பெயருக்குச் செய்தி வந்தால், அதை அழித்துவிடாமல் எங்களிடம் காட்டுங்கள் அல்லது படித்துச் சொல்லுங்கள். சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொன்னால்தான் அடுத்த வீட்டுக்கு அது போகாமல் தடுக்க முடியும்.

விடை சொல்லும் கடமை

அந்த அம்மையாரின் வீட்டுக்குப் பிறகு ஒருநாள் தொலைபேசியில் பேசி, நேரில் வரலாமா என்று கேட்டோம். வரச்சொன்னார். எங்கள் பிரிவின் சார்பில் இருவரும், பதிவேட்டுத் துறையின் தலைவரும் சென்றோம். 42 நாள் சோதனையின் விவரத்தைப் பொறுமையாக விளக்கினோம். கூடத்துச் சுவரில் மாலையிட்ட படம் இருந்தது. அவர் அந்தக் குறுஞ்செய்திகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. தம் கணவர் ஒவ்வொரு முறையும் பரிசோதனைக்கு வரும்போது சட்டையை இஸ்திரி போட்டுத்தான் வருவார் என்பதையும், மருத்துவர் திட்டுவார் என்று பயந்து முந்தைய நாள் பீடியைத் தொடமாட்டார் என்பதையும் சொன்னார். எங்களுக்கும் அந்த மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை நினைவில் இருந்தது. அதைச் சொன்னோம். அதன் பிறகுதான் அவர் அழுதார்.

விடைபெறும்போது நாங்கள் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

கணினியை விட்டுவிட்டு மீண்டும் தடித்த பேரேட்டுக்குப் போவதைத் தீர்வென்று நாங்கள் கருதவில்லை. மாத்திரை வேளையை நினைவூட்டி, சோதனை முடிவை விரைந்து சேர்த்து, அது காத்துவரும் உயிர்கள் பல. எனினும் அது செய்வது அனைத்தும் எங்கள் பெயரில் செய்யப்படுவது. நன்மைக்குப் பெயர் வாங்கிக்கொண்டு, காயத்துக்கு மட்டும் கணினியைக் கைகாட்டுவது அறமாகாது.

அன்று அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு இப்போது எங்களிடம் விடை உண்டு. வேண்டாம் என்று சொல்ல வேண்டியது எங்களிடம்தான். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் சொல்லலாம். வார்டு செவிலியரிடம் சொல்லலாம். முகப்பில் மருத்துவப் பதிவேட்டுத் துறையைக் கேட்டும் சொல்லலாம். சொன்னவர் அடுத்த மேசைக்கு அனுப்பப்படாமல், சொன்ன இடத்திலேயே அது பதிவாகும். உங்கள் இல்லத்தில் மறைந்தவர் பெயருக்கு எங்களிடமிருந்து இனியும் ஒரு செய்தி வருமானால், ‘தானாக வந்தது’ என்ற விடையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். யார் அனுப்பியது என்று கேளுங்கள். விடை சொல்லும் கடமை எங்களுடையது.